பாயில் தெரியாத புள்ளி

“சுவத்துல ஏம்டே இப்படி கிரெயின் அடிக்கு?”

அப்பா இப்படிக் கேட்டு ரெண்டு வருஷம் ஆகப்போகிறது. ஒன்பது மணி நேரம் ஓடி முடித்த ஒரு படத்தை அவரிடம் காட்டியபோது கேட்டது. அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. அப்புறம் அந்தக் கேள்வி என் வேலை முறையையே மாற்றிவிட்டது. மாற்றிய பிறகும் மனசில் ஒரு உறுத்தல் இருந்துகொண்டே இருந்தது. சமீபத்தில் அது வேறு ஒரு பக்கம் திரும்பிவிட்டதால் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, வீடு கட்டுகிறவர்களுக்கு முப்பரிமாணப் படம் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்ஜினியர் பிளான் கொடுப்பார். அதைக் கம்ப்யூட்டரில் எழுப்பி, பெயின்ட் அடித்து, வெயில் விழவைத்து, வீடு முடிந்தால் எப்படி இருக்கும் என்று காட்டவேண்டும். பெரும்பாலும் முன்பக்க எலிவேஷனோடு முடிந்துவிடும். அந்தத் தடவை முக்கூடல் பக்கத்தில் கட்டுகிற ஒரு அண்ணாச்சி பட்டாசலின், அதாவது வீட்டுக் கூடத்தின், உட்புறத்தையும் காட்டச் சொன்னார். சென்னையில் கடை வைத்திருப்பவர். ஊரில் பழைய வீட்டை இடித்து அதே மனையில் கட்டுகிறார். பழைய பட்டாசல் போலவே வெள்ளைச் சுவர் வேண்டும், தேக்குத் தூண் வேண்டும், தரையில் ஒரு பத்தமடைப் பாய் விரித்திருக்கவேண்டும். அந்தப் பாய் அவருடைய கல்யாணத்துக்குப் பெயர் போட்டு நெய்தது. போட்டோ அனுப்பியிருந்தார்.

அந்தப் பாயை ஒழுங்காகச் செய்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். பைக்கை எடுத்துக்கொண்டு பத்தமடைக்கே போய், ஒரு வீட்டில் பட்டுப்பாய் நெய்வதை அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, கீறி மெல்லிசாக்கிய கோரை. பாவுக்குப் பருத்தி நூல். பாயை வெயிலுக்கு நேராகப் பிடித்தால் ஒவ்வொரு கோரையும் தனியாக மினுங்குகிறது. அந்த மினுக்கம் படத்தில் வரவேண்டும் என்று இழை இழையாக மாடல் செய்தேன். ரெண்டு வாரம் போனது. அதற்காக வருத்தம் இல்லை.

ஆனால் ரெண்டர் போட்டபோதுதான், அதாவது மாடலை மெஷின் படமாகக் கணக்கிட்டுத் தரும்போதுதான் தெரிந்தது, மெஷின் தன் நேரத்தை எல்லாம் பாயில் கொட்டுகிறது என்று. இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒவ்வொரு பிக்சலிலிருந்தும் கதிர்களை எறிகிறோம். அது சுவரில் பட்டு, தரையில் பட்டு, தெறித்துத் தெறித்து எங்கேயாவது வெளிச்சத்தைப் போய்த் தொட்டால் கணக்கில் ஏறும். எந்தப் பக்கம் தெறிப்பது என்பது குலுக்கல்தான். ஜேம்ஸ் கஜியா 1986-ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். குலுக்கல் என்பதால் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்களில் விடை கொஞ்சம் முன்னே பின்னே வரும். அதுதான் படத்தில் பொடிப் பொடிப் புள்ளியாகத் தெரிகிறது. அப்பா கிரெயின் என்று சொன்னது இதைத்தான். அந்தப் புள்ளியைப் பாதியாக்க நாலு மடங்கு கதிர் வேண்டும். கால்வாசியாக்கப் பதினாறு மடங்கு. 1920-க்கு 1080 படம் என்றால் இருபது லட்சம் பிக்சலுக்கு மேல். ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு. சித்திரை மாதம், மதியம், அறைக்குள் மெஷின் கக்குகிற சூடு வேறு.

புள்ளி அடங்கிய இடத்தில் தானாக நிறுத்திக்கொண்டு, அடங்காத இடத்தில் மட்டும் மேலே மேலே கதிர் எறிகிற வசதி மென்பொருளிலேயே இருக்கிறது. அதைத்தான் போட்டிருந்தேன். அது எண்ணைப் பார்க்கிறது. ஒரு பிக்சலுக்குள் நாலு கோரை இழை, நடுவில் நிழல், ஒரு மினுக்கம் என்று இருந்தால் எண் அங்கே ஆடத்தான் செய்யும். ஆக, மெஷின் பாயிலேயே கிடந்தது. சுவரில் எண் கொஞ்சம் அடங்கியதும் போதும் என்று விட்டுவிட்டது. ஒன்பது மணி நேரம் கழித்து வந்த படத்தில் பாயை 400 சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தில்தான் அப்பாவைக் கூப்பிட்டேன்.

அவர் பாயைப் பார்க்கவே இல்லை. நேராகச் சுவரில் விரலை வைத்தார்.

நெகட்டிவ் மேசை

அப்பா நெல்லை டவுனில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் முப்பது வருஷத்துக்கு மேல் டச்சிங் வேலை பார்த்தவர். இப்போதைய பிள்ளைகளுக்கு டச்சிங் என்றால் என்னவென்று தெரியாது. சாய்வான ஒரு மேசை, நடுவில் பால் கண்ணாடி, அடியில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் வெளிச்சத்தை மேலே தள்ளும். பால் கண்ணாடி மேல் நெகட்டிவை வைத்து, பென்சிலை உப்புத்தாளில் தேய்த்து ஊசியாக்கி, முகத்தில் இருக்கிற பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே இருக்கிற கருவளையம் எல்லாவற்றையும் நிரப்பவேண்டும். முகத்தில் கறுப்பாக இருப்பது நெகட்டிவில் வெளுப்பாக இருக்கும். அங்கே பென்சில் ஏறினால் பிரிண்டில் அந்த இடம் வெளுத்துவரும். ஒரு கல்யாணப் படத்துக்கு முக்கால் மணி நேரம்கூட உட்கார்ந்திருப்பார். நான் ஸ்கூல் விட்டு வந்து பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

அவர் கேட்ட கேள்விக்கு அன்று ராத்திரி நான் சொன்ன பதில், “பாயிலயும்தான்ப்பா இருந்துச்சு, அத எடுக்கத்தான் இவ்வளவு நேரம்.”

“பாயில எவனுக்குடே தெரியப் போகுது? அது முழுங்கிரும்லா.”

முழுங்கிரும். இந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு அந்த மேசை ஞாபகம் வந்துவிட்டது. ஏழாவதோ எட்டாவதோ படிக்கும்போது ஒரு நெகட்டிவில், மணப்பெண்ணின் சேலைமேல் பெரிய தூசி ஒன்று விழுந்திருப்பதைக் காட்டி, இதை எடுக்கலியா என்று கேட்டேன். பூப்போட்ட சேலை முழுங்கிரும், நெத்தி முழுங்காது என்றார். நெற்றி, கன்னம், பின்னால் தொங்குகிற வெறும் திரை. இந்த மூன்றில்தான் அவர் பென்சில் நின்றது. கட்டம் போட்ட சட்டை, ஜரிகைக் கரை, தலையில் வைத்த மல்லிகைப் பூ, இதையெல்லாம் அவர் தொட்டதே கிடையாது. சம்பளம் படத்துக்கு இவ்வளவு என்று. தேவையில்லாத இடத்தில் பென்சில் ஓட்டினால் அடுத்த படம் நிற்கும். அவசரத்தில் செய்த அரைகுறை வேலை என்று யாரும் அவர் படத்தைச் சொன்னதில்லை. நெல்லைப் பக்கம் எத்தனையோ வீட்டுச் சுவர்களில் அந்த முகங்கள் இன்னும் மாட்டியிருக்கின்றன.

மறுநாள் அதே படத்தைத் திரும்பப் போட்டேன். தானியங்கி வசதியை அணைத்துவிட்டுப் பட்டாசலைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். பாய்க்கும், தூணின் மரக்கோட்டுக்கும் பிக்சலுக்கு 200 கதிர். வெறும் சுவருக்கும் அதில் மெதுவாக மங்கிப்போகிற ஜன்னல் நிழலுக்கும் 3000. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்தது. அப்பாவிடம் ரெண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொடுத்தேன். ரெண்டாவதைக் காட்டி, “இதுக்குத்தான் ஒம்பது மணி நேரமா?” என்றார்.

கண் பொறுக்கிற அளவு

அப்புறம்தான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அப்பா முழுங்கிரும் என்று சொன்னதை ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ அளந்து வைத்திருக்கிறார்கள். ஒரு வடிவத்தின் மேல் இன்னொரு வடிவம் விழும்போது, ரெண்டும் ஏறக்குறைய ஒரே பருமனிலும் ஒரே திசையிலும் இருந்தால் கண்ணால் பிரித்துப் பார்ப்பது கஷ்டம். 1997-ல் ஜேம்ஸ் ஃபெர்வெர்டா, சுமந்த பட்நாயக், பீட்டர் ஷர்லி, டொனால்டு கிரீன்பர்க் நாலு பேரும் சேர்ந்து இதைக் கம்ப்யூட்டர் படங்களுக்குப் பொருத்திக் காட்டினார்கள். என் பாயில் நடந்தது அச்சாக இதுதான். கோரை இழையும் ரெண்டர் புள்ளியும் கிட்டத்தட்ட ஒரே பருமன். கோரைக்குள் புள்ளி போய் ஒளிந்துகொண்டது. வெள்ளைச் சுவரில் ஒளிய இடமே இல்லை.

ரெண்டு வருஷம் கழித்து, 1999-ல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் பெயர் மகேஷ் ராமசுப்பிரமணியன். அப்படி ஒரு பெயரை அந்த இடத்தில் பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை. கட்டுரை சொல்கிற வழியும் மனசுக்குப் பிடித்தது. மனிதக் கண்ணைப் போலப் பார்க்கிற கணக்கு ரொம்பக் கனமானது. ஒவ்வொரு கட்டத்திலும் அதை ஓட்டினால் மிச்சம் பிடித்த நேரம் அதற்கே போய்விடும். அதனால் முதலில் விளக்கு, சூரியன் இவற்றின் நேர்வெளிச்சத்தை மட்டும் வைத்து விறுவிறுவென்று ஒரு படம் போட்டுக்கொள்கிறார்கள். எங்கே பின்னல், எங்கே வெறும் பரப்பு, எங்கே நிழல் விளிம்பு என்பது அதிலேயே தெரிந்துவிடும். அந்தப் படத்திலிருந்து, எந்தெந்த இடத்தில் எவ்வளவு பிழையைக் கண் பொறுக்கும் என்று ஒரு வரைபடம். கனமான கணக்கு அந்த ஒரு தடவைதான். பிறகு தெறித்து வருகிற வெளிச்சத்தைக் கணக்கிடும்போது, பிழை அந்த அளவுக்குக் கீழே இறங்கிய இடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். அப்பா நெகட்டிவை முதலில் கையில் தூக்கி வெளிச்சத்துக்கு நேரே ஒரு தடவை பார்ப்பார். அப்புறம்தான் மேசையில் வைப்பார். அந்த முதல் பார்வையில் அவர் போட்டுக்கொண்டதும் இப்படி ஒரு வரைபடம்தான் என்று நினைக்கிறேன்.

என் தொழிலில் இருக்கிற நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னபோது, இது ஏமாற்று வேலை என்றார். படத்தில் பிழை இருக்கிறது, வாடிக்கையாளருக்குத் தெரியாது என்பதற்காக அப்படியே விடுகிறாய் என்றார். அந்த வார்த்தை கொஞ்ச நாள் என்னைத் தூங்கவிடவில்லை. பத்தமடையில் பாய் நெய்த அந்த அம்மா யாரும் திருப்பிப் பார்க்காத பின்பக்கத்திலும் இழையைச் சரி செய்துகொண்டிருந்தது ஞாபகம் வரும்.

ஆனால் பாய் வேறு, பாயின் படம் வேறு. பாயின் மேல் ஒருவர் படுத்துத் தூங்கப்போகிறார். படம் கண்ணுக்காக மட்டும் இருக்கிறது. அந்தக் கண்ணே பாதியை விட்டுவிட்டுத்தான் வேலை செய்கிறது. நம் கண்ணில் வெளிச்சத்தை வாங்குகிற செல்கள் சுமார் 12 கோடி. அங்கிருந்து மூளைக்குப் போகிற நரம்பில் இருப்பவை சுமார் 10 லட்சம் இழைகள். கட்டைவிரலை நீட்டிப் பிடித்தால் நகம் எவ்வளவு தெரிகிறதோ, ஏறக்குறைய அவ்வளவு இடத்தைத்தான் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்க்கிறோம். மற்றதெல்லாம் மங்கல். கண் நொடிக்கு மூன்று நாலு தடவை தாவித் தாவிச் சேர்த்துக்கொள்கிறது. ரொம்பப் பொடியான கோடுகளும் தெரியாது, ரொம்ப மெதுவாக மாறுகிற வெளிச்சமும் சரியாகத் தெரியாது. நடுத்தரமானதுதான் பளிச்சென்று தெரியும். இதை 1968-ல் கேம்பெல், ராப்சன் இருவரும் கோடு கோடாகக் காட்டி அளந்திருக்கிறார்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு, எல்லாப் பிக்சலுக்கும் ஒரே உழைப்பு என்பதுதான் எனக்கு நேர்மையில்லாததாகப் பட்டது. பார்க்கிறவர் யார் என்று யோசிக்காமல் செய்கிற வேலை அது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1983-ல் ஜான் யெல்லட் என்பவர் ரீசஸ் குரங்கின் விழித்திரையை ஆராய்ந்தார். பாபநாசம் அருவிப் பக்கம் நம் பையைப் பறிக்க வருகிற குரங்குக்குச் சொந்தக்காரக் குரங்குதான். நடுவில் கூர்மையாகப் பார்க்கிற இடத்தைத் தாண்டிவிட்டால், வெளிச்சத்தை வாங்குகிற கூம்புச் செல்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கவில்லை. சிதறிக் கிடக்கின்றன. ஆனால் எந்த ரெண்டும் ஒன்றோடொன்று ரொம்ப நெருங்கிவிடவும் இல்லை. சேரன்மகாதேவி ரோட்டில் போகும்போது நடவு நடக்கிற வயலைப் பார்த்திருப்பீர்கள். கயிறு பிடிக்காமல் பெண்கள் நடுகிற நாற்று அப்படித்தான் இருக்கும். கோடு போட்ட மாதிரி இருக்காது, எங்கேயும் குவியலாகவும் இருக்காது. அப்படிச் சிதறியிருந்தால் தப்பு நடந்தாலும் அது கோடாக, பட்டையாகத் தெரியாமல் மெல்லிய பொடியாகப் பரவிவிடுகிறது. அந்தப் பொடியைக் கண் மன்னித்துவிடும். கதிர்களை இந்த மாதிரிச் சிதறி எறிகிற வழக்கம் எண்பதுகளிலேயே வந்துவிட்டது. படத்தில் மிஞ்சுகிற புள்ளியையும் இதே நாற்று நடவு போலப் பரப்பினால் அதே அளவு புள்ளி குறைவாகத் தெரியும் என்று 2016-ல் ஜார்ஜியேவ், ஃபஹார்டோ இருவரும் காட்டினார்கள். கதிரைக் கூட்டாமல், புள்ளியின் இருப்பிடத்தை மட்டும் மாற்றி!

புள்ளியைத் தானாகத் துடைத்துவிடுகிற டீநாய்சர் என்ற மென்பொருள் இருக்கும்போது இவ்வளவு யோசனை எதற்கு என்று கேட்பீர்கள். நானும் போட்டுப் பார்த்தேன். சுவரைப் பிரமாதமாகத் துடைத்துக் கொடுத்தது. பாயை மெழுகிவிட்டது. கோரை இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, பிளாஸ்டிக் பாய் மாதிரி ஆகிவிட்டது. பாயில் புள்ளி இருந்தால் கண் பொறுத்துக்கொள்ளும். இழை போனால் உடனே கண்டுபிடித்துவிடும். இப்போதெல்லாம் துடைத்த படத்தைச் சுவருக்கும், துடைக்காத படத்தைப் பாய்க்கும் என்று, மற்ற இடத்தை மறைக்கிற முகமூடி போட்டுச் சேர்க்கிறேன்.

மயினி பார்த்த இடம்

இந்தத் தைரியத்தில் ஒரு படி மேலே போனேன். போகக்கூடாத படி. பார்க்கிறவர் எங்கே பார்ப்பார் என்று ஊகித்து, அங்கே மட்டும் உழைத்தால் என்ன என்று தோன்றியது. இதற்கும் ஆதாரம் இருந்தது. கிர்ஸ்டன் கேட்டர், ஆலன் சால்மர்ஸ், கிரெக் வார்டு மூவரும் 2003 வாக்கில் செய்த சோதனைகளில், ஒரு காட்சியில் குறிப்பிட்ட பொருட்களைத் தேடச் சொல்லிவிட்டு மற்ற இடங்களின் தரத்தைக் குறைத்தார்கள். வேலையில் மூழ்கியவர்களில் பெரும்பாலோர் அந்தக் குறையைக் கவனிக்கவே இல்லை.

அண்ணாச்சி வீட்டு எலிவேஷனில் அதைச் செய்தேன். முன்வாசல், திண்ணை, மாடிக் கைப்பிடி எல்லாம் பளிங்கு மாதிரி. ஓரத்தில் லேசாகத் தெரிகிற பக்கச் சந்துக்கு 60 கதிர்தான் கொடுத்தேன். அங்கே யார் பார்க்கப்போகிறார்கள்?

அண்ணாச்சி திண்ணையைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் மனைவி, மயினி, படத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நேராக அந்தச் சந்துக்குள் பார்த்தார். “தம்பி, வாருகா எந்தப் பக்கமா போகுது? அடுப்படித் தண்ணி இதுலதான வரணும்? இங்கன ஒண்ணுமே தெரியலயே, மணல அள்ளிப் போட்ட மாதிரி இருக்கே.” முப்பது வருஷம் அந்த மனையில் புழங்கியவர். மழைக்குத் தண்ணீர் தேங்குகிற இடம் எது என்று அவருக்குத்தான் தெரியும். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. அவர் வீட்டில் அவருக்கு முக்கியமான இடத்தை, முக்கியமில்லை என்று நான் முடிவு செய்திருக்கிறேன்.

யார்பஸ் என்ற ரஷ்ய ஆய்வாளர் ஒரே ஓவியத்தை ஒருவரிடம் காட்டி, கேள்வியை மட்டும் மாற்றி மாற்றிக் கேட்டார். இவர்கள் எவ்வளவு வசதியான குடும்பம், இவர்களுக்கு என்ன வயசு இருக்கும் என்று கேள்வி மாற மாறக் கண் போகிற வழியும் மாறியது. அவருடைய புத்தகம் ஆங்கிலத்தில் 1967-ல் வந்தது. அதை நான் முதலிலேயே படித்திருக்கவேண்டும். சேலை தூசியை முழுங்குவது எல்லார் கண்ணுக்கும் பொது. எங்கே பார்ப்பது என்பது அவரவர் வாழ்க்கை. முன்னதை நம்பிக் கதிரைக் குறைக்கிறேன். பின்னதை நம்பிக் குறைப்பதை அன்றோடு விட்டுவிட்டேன். கண் போகிற இடத்தை மெஷினே கண்டுபிடிக்கிற தலைக்கருவிகள் இருக்கின்றன. அதில் அந்தந்த நொடியில் பார்க்கிற இடத்தை மட்டும் கூர்மையாக்கலாம். 2023-ல் வந்த பிளேஸ்டேஷன் விஆர்2-வில் அது உண்டு. ஒருவரைக் கேட்டுச் செய்வதும் ஒருவருக்காக முடிவு செய்வதும் ஒன்றில்லை. நான் கொடுப்பதோ, குடும்பமே சுற்றி நின்று பார்க்கிற ஒரு காகிதம்.

இடது கண்

போன ஐப்பசியில் அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தார்கள். கட்டுப் பிரித்து வந்த ரெண்டாம் நாள், ஒரு கண்ணை மூடி மூடி வீட்டையே சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கண்ணுல சுவரு வெள்ளயா இருக்கு. அந்தக் கண்ணுல சந்தனம் பூசுன மாதிரி இருக்கு. இத்தன நாளும் சந்தனத்தையா வெள்ளைன்னு நெனச்சிட்டிருந்தேன்?” என்று கேட்டபோது எனக்கு என்னவோ செய்தது.

அந்தப் பட்டாசல் படத்தை எடுத்துக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்தில் போட்டது. ரெண்டு வருஷமாக அதை அளவுகோலாக வைத்துத்தான் எல்லா வேலைக்கும் கதிர் எண்ணிக்கை போட்டு வருகிறேன். சுத்தமாக இருக்கிறது என்று அப்பா சொன்ன படம். புரை விழுந்த கண்ணால் சொன்னது என்பது அப்போது எங்கள் ரெண்டு பேருக்குமே தெரியாது.

இடது கண்ணால் வெகுநேரம் பார்த்தார். சுவரைத் தாண்டி, பாயைத் தாண்டி, தூணுக்குப் பின்னால் இருட்டு விழுகிற மூலையில் விரலை வைத்தார்.

“இங்கன கொஞ்சம் இருக்குடே.”

நான் குனிந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. திரையின் வெளிச்சத்தைக் கூட்டி, ஜன்னலைச் சாத்திவிட்டுப் பார்த்தேன். இருந்தது. நாலைந்து புள்ளி.

அந்த மூலைக்கு மட்டும் 6000 கதிர் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். அடுத்த மாதம் அவருக்கு வலது கண்ணிலும் புரை எடுக்கிறார்கள்.